கிணற்றடிப் புல்தரை

முத்தியால்பேட்டை,
9 அக்டோபர் 2006

முசே ஆதிமூலம் அவர்களுக்கு முருகையன் கும்பிட்டுச் சொல்லும் சேதி.

பந்தாட்டத்தில் உங்கள் பிரான்ஸ்காரன் எதிராளியை நெஞ்சில் முட்டிவிட்டு வெளியே போய், கோப்பையை இத்தாலிக்காரனிடம் விட்ட வருஷம். மூட்டுக்காய்ச்சல் வந்து ஊர்பாதி உட்கார்ந்தவர் எழ முடியாமல் கிடந்த வருஷம். இப்போது பலகைகளில் எல்லாம் பாண்டிச்சேரியை அழித்துப் புதுச்சேரி என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மேலே இருக்கும் தேதி குத்புதீன் பாய் போட்டது. எனக்கு எழுத்தும் எண்ணும் படிக்கத் தெரியாது, வாயால் எண்ணத்தான் தெரியும். வருஷத்தை நான் இப்படித்தான் முடிந்து வைத்துக்கொள்வேன். நான் வாயால் சொல்ல பாய் எழுதுகிறார். முப்பது வருஷம் புத்தகம் தைத்தவர், வாயையும் தைத்துக்கொள்வார். ஆகையால் மறைக்காமல் சொல்கிறேன்.

உங்கள் காது போன பிறகு போனில் கத்திப் பயனில்லை. அதனால்தான் கடிதம்.

புல்தரை சாகிறது. ஆவணியில் மாமரத்துப் பக்கம் ஒரு முறம் அளவுக்குப் பழுத்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்தேன். புரட்டாசியில் அது கட்டில் அளவு ஆயிற்று. போன வாரம் குனிந்து ஒரு பிடி இழுத்தேன்; கோரைப்பாய் மாதிரி புல் முழுசாகச் சுருண்டு கையோடு வந்தது. அடியில் வேரே இல்லை. மண்ணைக் கிளறினால் வெள்ளைப் புழு. சுண்டுவிரல் பருமன், பழுப்புத் தலை, பிறைபோல் மடங்கிக் கிடக்கிறது. ஒரு துண்டு விரிக்கும் இடத்தில் பதினொன்று எண்ணினேன். வைகாசி மழையில் வேப்பமரத்தில் வண்டு மொய்த்ததே, அதன் பிள்ளைகள்.

ஜனவரி ஐந்தாம் தேதி பிரான்சிலிருந்து ஒரு தம்பதி வீட்டைப் பார்க்க வருகிறார்களாம். விருந்தினர் விடுதி நடத்தக் குத்தகைக்கு எடுப்பார்களாம். புல்தரையில் மேசை போட்டுச் சாப்பிட வேண்டுமாம். உங்கள் தங்கை மகன் புருஷோத்தமன் தம்பிக்கு அதே நினைப்பு. தட்டாஞ்சாவடிப் பட்டறை படுத்துவிட்டது, இந்த விடுதியை நம்பித்தான் இருக்கிறார். நேற்று வந்து புழுவைப் பார்த்தார்.

"என்னா பெருசு, கொழம்பு வெக்கலாம் போல இருக்கே! குருணை மருந்து ரெண்டு கிலோ தூவினா ஒரே ராத்திரில அத்தனையும் காலி," என்றார்.

முசே, குருணை என்ற சொல்லைக் கேட்டதும் நான் கிணற்றைத் திரும்பிப் பார்த்தேன். புல்தரைக்கும் கிணற்றுக்கும் நடுவில் எட்டடிகூட இல்லை. தெருக்குழாய்த் தண்ணீர் கரிக்கிறது என்று வீட்டில் எல்லாரும் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். தம்பியின் வீட்டுக்காரி சரிதா அம்மாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இப்போது ஐந்து மாதம்.

நிலாவில் மனிதன் இறங்கிய வருஷம் ஐப்பசியில், இதே புல்தரையில், இதே புழுவுக்கு, நீங்கள் டப்பாவில் கொண்டுவந்த குருணையை நான் என் கையால் தூவினேன். மறுநாள் மழை. அதற்கு மறுநாள் உங்கள் தங்கை லட்சுமி அம்மா போய்ச்சேர்ந்தார். வாந்திபேதி என்றார் டாக்டர். புருஷோத்தமன் தம்பி தன் தாய் வாந்திபேதியில் போனதாகவே இன்றும் நம்புகிறார். நானும் வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். தாய்மாமன் சொல்லை அவர் தட்டமாட்டார். புழுவைக் கொல்ல வேறு வழி இருக்கிறது. வேளாண் நிலையத்தில் ஒரு பச்சைப் பூஞ்சணம் தருகிறார்கள். மனுஷனுக்குக் காய்ச்சல் வருவதுபோல அது புழுவுக்கு வரும் நோய். ஒரு கிலோ பொடி வாங்கி, மக்கிய சாணி எருவில் கலந்து, வெல்லத் தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்குப் போட்டு நிழலில் வைத்திருக்கிறேன். அது பச்சைபிடிக்க இன்னும் ஒரு வாரம் ஆகும். நாற்பது நாள் கொடுங்கள்.

இப்படிக்கு, முருகையன் (இடது பெருவிரல்)


துலோன்,
20 அக்டோபர் 2006

முருகையனுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. உடம்பு சுமார். சர்க்கரை இருக்கிறது. வலது காது முழுதும் போய்விட்டது. பீரங்கி வெடித்தபோது ஒருநாள் இது நடக்கும் என்று எங்கள் பட்டாளத்துக் கப்பித்தேன் சொன்னது பலித்தது.

முப்பத்தேழு வருஷத்துக்கு முந்தியதை ஏன் கிளறுகிறீர்? டாக்டர் எழுதிக் கொடுத்தது வாந்திபேதி. நகராட்சி மெரியில் பதிந்திருப்பதும் வாந்திபேதி. டாக்டரைவிட உமக்கு அதிகம் தெரியுமா? அதுவும் வேற்று மனிதரை வைத்து எழுதுவிக்கிறீர். இனி அந்தப் பேச்சு கடிதத்தில் வேண்டாம்.

ஆனாலும் புருஷோத்தமனுக்கு எழுதியிருக்கிறேன். நவம்பர் முடியும்வரை பொறு, கிழவனின் பூஞ்சணத்தையும் பார்த்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். காரணம் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

இங்கே என் பக்கத்து வீட்டு மதாமும் புல்தரைக்காரிதான். அவள் மருந்து தூவுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நூல்புழுக்களைக் கடையில் பொட்டலமாக வாங்கி, குளிர்பெட்டியில் வைத்திருந்து, பூவாளியில் கரைத்து மாலையில் ஊற்றுகிறாள். அவை மண்ணுக்குள் போய் பெரிய புழுவின் உடம்பில் நுழைந்து தின்றுவிடுமாம். கேட்டபோது எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. உமக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் செத்துவிடும், விமானத்தில் அனுப்பியும் வீண் என்றாள்.

சரிதாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளும். நவம்பர் முப்பது, அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது.

ஆதிமூலம்


முத்தியால்பேட்டை,
6 நவம்பர் 2006

முசே அவர்களுக்கு,

நீங்கள் எழுதிய வரி வேலை செய்தது. தம்பி குருணை வாங்கவில்லை. உங்கள் காலுக்கு ஒரு கும்பிடு.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு பூஞ்சண எருவைப் போட்டேன். கடப்பாரையால் சாண் ஆழத்துக்குக் குழி குத்தி, குழிக்கு ஒரு பிடி போட்டு, வெயில் தாழ்ந்தபின் தண்ணீர் விட்டேன். வெயில் பட்டால் அந்தப் பூஞ்சணம் செத்துவிடும். மொத்தம் நானூற்று எழுபது குழி. முதுகு இரண்டு நாள் நிமிரவில்லை. வண்டு திரும்ப வந்து முட்டையிடாமல் இருக்க, பானையில் ஆமணக்குப் புண்ணாக்கை ஊறவைத்து நாலு மூலையிலும் புதைத்திருக்கிறேன். நாற்றத்துக்கு வண்டு வந்து விழுகிறது. நாற்றத்துக்குத் தம்பியும் வந்து விழுந்தார்.

"பெருசு, ஊடு பூரா பொணம் கெடக்கிற மாதிரி நாறுது. அந்த பிரான்ஸ்காரங்க வாசப்படியோட திரும்பிடுவாங்க."

"அவங்க வர்றதுக்குள்ள எடுத்துடறேன் தம்பி."

"உன் மருந்து எப்ப வேல செய்யும்? அடுத்த கார்த்திகைக்கா?"

சரிதா அம்மா சமையல்கட்டு ஜன்னலில் இருந்து, "பாவம், அவரை வுடுங்க. அவரு புழுவுக்கு வைத்தியம் பாக்கல, வியாதி வரவழைக்கிறாரு. நாளாவும்," என்றார். எல்லாரும் சிரித்தோம். பிறகு அவர் ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு அண்ணாந்து குடித்தார். "இந்தத் தண்ணிக்கே இங்க மருமவளா வரலாம் தாத்தா," என்றார். நான் திரும்பி நின்றுகொண்டேன்.

நல்ல சேதி இனிமேல்தான். நேற்று மாமரத்துப் பக்கம் கிளறினேன். மூன்று புழு விறைத்துக் கிடந்தது. ஒன்று மாவில் புரட்டிய மாதிரி வெள்ளை. இரண்டு பாசிப்பச்சை. இன்றைக்கு ஏழு. வேளாண் நிலையத்து ஜானகிராமன் அய்யாவிடம் ஒன்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "புடிச்சிக்கிச்சி பெரியவரே. இந்தப் பச்சையிலேருந்து பக்கத்துப் புழுவுக்கு ஒட்டும். இன்னும் மூணு வாரம் மண்ணைக் காயவுடாதீங்க," என்றார். ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார்: "துத்தம், கந்தகம், பூஞ்சண மருந்து எதுவும் அந்த மண்ணுல படக்கூடாது. பட்டா உங்க உழைப்பு அத்தனையும் போச்சி."

மைனாக்கள் இறங்கிவிட்டன. காலையில் புல்தரை முழுக்க அவைதான். செத்த புழுவை விட்டுவிட்டு உயிருள்ளதைக் கொத்திக்கொண்டு போகின்றன. உண்ணிக்கொக்கும் இரண்டு வருகிறது. அதனதன் வேலையை அது செய்கிறது, முசே. இன்னும் மூன்று வாரம்தான்.

முருகையன்


துலோன்,
8 நவம்பர் 2006

முருகையனுக்கு,

உம்மிடமிருந்து கடிதம் எதிர்பார்த்தேன், இன்னும் வரவில்லை. புருஷோத்தமனுடையது இன்று வந்தது. புல்தரையில் நீர் என்ன செய்து வைத்திருக்கிறீர்? குழி குழியாகப் பச்சைப் பூஞ்சணம் பூத்திருக்கிறதாம். வீடு முழுக்க நாற்றமாம். சரிதா மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறாளாம்.

நான் தோட்டம் அறியாதவன் அல்ல. பூஞ்சணம் பிடித்த புல் பிழைக்காது. என் தகப்பனார் ரோஜாவுக்கும் திராட்சைக் கொடிக்கும் வருஷம் தவறாமல் புய்யி அடிப்பார். துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலத் தண்ணீர், உமக்கே நினைவிருக்கும், நீர்தான் கலக்குவீர். அதில் எந்த விஷமும் இல்லை, பிரான்சில் சாமியார் மடத்துத் திராட்சைத் தோட்டத்திலும் அதைத்தான் அடிக்கிறார்கள். அதைக் கலந்து புல்தரை முழுவதும் நனைய அடிக்கும்படி புருஷோத்தமனுக்கு இன்றே எழுதி அஞ்சலில் போட்டுவிட்டேன். அளவும் எழுதியிருக்கிறேன்.

குருணை வேண்டாம் என்றீர், சரி என்றேன். இது உமக்கும் சம்மதமான மருந்துதானே. பூஞ்சணம் போனால் புல் தெளியும். இதற்காகவாவது எனக்கு நன்றி சொல்வீர்.

ஆதிமூலம்


முத்தியால்பேட்டை,
21 நவம்பர் 2006

முசே அவர்களுக்கு,

நம் கடிதங்கள் இரண்டும் கடலுக்கு மேலே ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையது ஒரு பத்து நாள் முந்தி வந்திருந்தால் நீங்கள் அப்படி எழுதியிருக்கமாட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் தேங்காய்த்திட்டுக்குப் போயிருந்தேன். எருவோடு போடக் கருவாட்டுத் தூள் சொல்லி வைத்திருந்தேன். திரும்பி வரும்போது கேட்டிலேயே நின்றுவிட்டேன். புல்தரை நீலமாக இருந்தது. தம்பி முதுகில் தெளிப்பானோடு நின்று சிரித்தார். "பாரு பெருசு, மாமா எழுதினபடி ஒரு சொட்டு மிச்சம் வெக்காம அடிச்சிட்டேன். உன் பூஞ்சணம் க்ளோஸ்."

பேசி என்ன? அவர் தாய்மாமன் சொல்லைத் தட்டாத பிள்ளை. அதைத்தானே நான் உங்களிடம் வேண்டிக்கொண்டேன்.

இன்று கிளறிப் பார்த்தேன். பச்சைப் புழுக்களின் மேலிருந்த பச்சை கழுவிப்போய்விட்டது. உயிரோடு இருப்பவை கொழுத்துவிட்டன. பழுப்பு கிணற்றுக்கட்டை வரைக்கும் வந்துவிட்டது. ஜானகிராமன் அய்யா தலையில் கைவைத்துக்கொண்டார். மறுபடி பூஞ்சணம் போடலாம், ஆனால் துத்தம் ஊறின மண்ணில் அது எழுந்திருக்கத் தை மாதம் தாண்டும் என்கிறார். ஜனவரி ஐந்துக்கு முன்னால் முடியாது.

தம்பிக்கும் அது தெரிந்துவிட்டது. கார் கொட்டகையில் ஒரு தகர டின் வந்து இறங்கியிருக்கிறது. ஐந்து கிலோ. மூடியில் மண்டையோடு போட்டிருக்கிறது. அதைப் படிக்க எழுத்து தெரிய வேண்டாம். நவம்பர் முப்பது முடிந்ததும் முதல் ஞாயிறு என்று நாள் வைத்திருக்கிறார்.

கிழக்கே மேகம் நாலு நாளாகக் கருக்கட்டி நிற்கிறது. கிணற்றுக்கட்டையில் வடக்குப் பக்கம் அந்த விரிசல் அப்படியே இருக்கிறது. லட்சுமி அம்மா போன பிறகு மூன்று தடவை பூசினேன். மூன்று தடவையும் திறந்துகொண்டது. புல்தரைச் சரிவு முழுக்க அந்தப் பக்கம்தான்.

முசே, இந்தத் தடவை ஒரு வரி போதாது. காரணத்தை எழுதுங்கள். "உன் தாயைக் கொன்றது இதுதான்" என்று எழுதுங்கள். கடிதம் வர நாளாகும், தந்தி கொடுங்கள். ஆத்திரத்தில் மட்டுமரியாதை இல்லாமல் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன். நான் சொன்னால் அவர் நம்பமாட்டார்; குருணையைத் தூவின கை என்னுடையது, தப்பிக்க உங்கள்மேல் பழி போடுகிறேன் என்பார்.

சரிதா அம்மாவுக்கு நேற்று வளையல் அடுக்கினார்கள். ஏழாம் மாதம்.

முருகையன்

(இதைச் சொல்லி முடித்துவிட்டு அவர் கடையில் வெகுநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். நீங்கள் தந்தி கொடுப்பது நல்லது. குத்புதீன்.)


துலோன்,
1 டிசம்பர் 2006

முருகையா,

புய்யி விஷயத்தில் தவறு என்னுடையது. உமது ஆறாம் தேதிக் கடிதம் பதினாறாம் தேதி வந்தது. அப்போதே விளங்கிவிட்டது. அன்றே நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கலாம். அதற்குள் அடித்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேற்று அஞ்சல் நிலையம் போனேன். தந்தித் தாளில் பெயரும் விலாசமும் எழுதினேன். "வேண்டாம்" என்று எழுதினேன். ஏன் என்று அவன் திருப்பிக் கேட்பானே என்று தோன்றியது. "காரணம் பிறகு" என்று எழுதினேன். அதை அடித்தேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. அவர்கள் என்னவோ சொல்லியிருக்க வேண்டும், எனக்குக் கேட்கவில்லை, தோளைத் தொட்டார்கள். தாளைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீர் கேட்பது என்னவென்று உமக்குத் தெரிகிறதா? லட்சுமி போனபின் அவள் புருஷன் இராமதாஸ் ஒரு வருஷத்தில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அந்தப் பிள்ளைக்கு என்னைத் தவிர யார்? மாதம் தவறாமல் பணம் அனுப்பி வளர்த்தேன். என் பெயரைச் சொல்லித்தான் அவன் பெண் எடுத்தான். அந்த டப்பாவைக் கொண்டுவந்தவன் நான், பட்டாளத்து நண்பர்களுக்குப் புல்தரையில் விருந்து வைக்க ஆசைப்பட்டவன் நான் என்று எழுதினால், அவன் என் பிணத்தைக்கூடப் பார்க்க வரமாட்டான். எனக்கு எழுபது வயது.

டாக்டர் வாந்திபேதி என்று சொன்னபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டோம். அதை இப்போது விடச் சொல்கிறீர். முடியாது.

மழைக்காலம் முடியும்வரை குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று சரிதாவிடம் சொல்லும். சீக்குக் காலம் என்று சொல்லும். அது போதும்.

அவனிடம் நீர் வாய் திறந்தால் அந்த வீட்டுப் பின்கட்டில் உமக்கு இடமில்லை. தூவின கை உம்முடையது என்று நீரே சொன்னீர்.

ஆதிமூலம்


முல்லா வீதி, குத்புதீன் பாய் வீடு,
14 டிசம்பர் 2006

முசே அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பதினோராம் தேதி, எப்போதும்போல் பாய் கடைக்கு வந்தது. பாய் இரண்டு தடவை படித்தார். அதற்கு எட்டு நாள் முன்பே எல்லாம் நடந்துவிட்டது. விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் மிரட்டுவதற்கு முன்பே பின்கட்டு போய்விட்டது.

மூன்றாம் தேதி ஞாயிறு. தம்பி இரண்டு ஆள் வைத்து, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தூவினார். நான் கிணற்றுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"தம்பி, கெணத்தாண்ட மட்டும் வாணாம்."

"புழு அங்கதான ஜாஸ்தி? ஒதுங்கு பெருசு."

"மாமாகிட்டேருந்து தந்தி வரும், ரெண்டு நாள் பொறு."

"மாமா நவம்பர் முப்பதுன்னு எழுதிட்டாரு. தந்தியாம் தந்தி. இந்தக் காலத்துல எவன் தந்தி குடுக்கிறான்?"

தூவி முடித்து, குருணை கரைய வேண்டும் என்று குழாய் பிடித்துத் தண்ணீரும் விட்டார்கள்.

திங்கட்கிழமை விடியலில் புல்தரையில் சத்தமே இல்லை. மைனாக்கள் கிடந்தன. பதினான்கு. இரண்டு கொக்கு. ஒரு மைனா மட்டும் உயிரோடு, சிறகு உதறி உதறி, அலகைத் திறந்து மூட முடியாமல், நுரை வழியக் கிடந்தது. லட்சுமி அம்மா அன்று கிடந்த கிடை அது. தம்பி வந்து பார்த்தார். முகம் ஒரு கணம் மாறிற்று. பிறகு, "பறவைக் காய்ச்சலா இருக்கும். டிவில கூட சொன்னான்," என்றார். ஒரு சாவுக்கு வேறு பெயர் வைப்பது உங்கள் வீட்டு வழக்கம்.

அன்றைக்கே நான் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. உங்கள் தந்திக்காகக் கேட்டில் உட்கார்ந்திருந்தேன். சரிதா அம்மாவிடம் சீக்குக் காலம், குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிங்கம்மா என்று நீங்கள் எழுதுவதற்கு முன்பே சொல்லிப் பார்த்தேன். "அது தொண்டைல எறங்க மாட்டேங்குது தாத்தா," என்றார். ஞாயிறு மாலையிலிருந்து செவ்வாய் மதியம்வரை அவர் குடித்த சொம்புகளை இப்போதும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது.

செவ்வாய்க்கிழமை கடல்பக்கம் வானம் இறங்கிவிட்டது. ரேஷனில் வாங்கிய மண்ணெண்ணெய் ஐந்து லிட்டர் என்னிடம் இருந்தது. மதியம் எல்லாரும் சாப்பிடும் நேரத்தில் அத்தனையையும் கிணற்றில் ஊற்றினேன். பாம்பு கிடந்தால்கூடத் தூக்கிப் போட்டுவிட்டு அந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள். மண்ணெண்ணெய் கலந்தால் யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். எனக்கு வேறு யோசனை வரவில்லை.

தம்பி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "கெழவா, புள்ளத்தாச்சி இருக்கிற ஊட்ல கெணத்துல மண்ணெண்ணெய ஊத்துவியா? உன்ன தாத்தான்னு கூப்புட்டாளே!" தெருவே கூடிற்று. கிணற்றுக்கு விஷம் வைத்த கிழவன் என்று என்னைத்தான் சொன்னார்கள். என் தகரப்பெட்டி தெருவில் வந்து விழுந்தது. மழையும் அப்போதுதான் தொடங்கியது. நான் பெட்டியைத் தூக்காமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். புல்தரை கணுக்கால் ஆழத்துக்கு நிறைந்து, வடக்கு விரிசல் வழியாகக் குடகுடவென்று கிணற்றுக்குள் இறங்கியது. பாய் வந்து கூட்டிப்போனார். அவர் வீட்டுக்காரி பதுருன்னிசா அம்மாள்தான் இத்தனை நாளும் கஞ்சி ஊற்றுகிறார்கள்.

பத்தாம் தேதி தம்பி பாய் கடைக்கு வந்தார். என்னைத் திட்டித் தீரவில்லை போலும். "நாலு ஆளு வச்சி கெணத்த எறச்சிட்டேன். மண்ணெண்ணெ வாடையே இல்ல. நாளைக்கி புதுத்தண்ணி ஊறிடும், என் பொண்டாட்டி குடிப்பா. உன் கெட்ட எண்ணம் பலிக்கல பெருசு."

புதுத்தண்ணீர் எந்த மண் வழியாக ஊறி வரும் என்று அவருக்குத் தெரியவில்லை. இனி என்னிடம் ஊற்ற மண்ணெண்ணெயும் இல்லை.

சொல்லிவிட்டேன், முசே. பாய் கடையில், பசைச்சட்டிக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்து, டப்பாவின் நிறம் முதல் டாக்டரின் சைக்கிள் வரைக்கும் சொன்னேன். தூவியது நான் என்பதை முதலில் சொன்னேன். கொண்டுவந்தது நீங்கள் என்பதைப் பிறகு சொன்னேன். நான் பொய் சொல்கிறேன் என்றார். உங்கள் டிசம்பர் கடிதம் அப்போது வரவில்லை. மறுநாள் வந்தது. பாய் அதைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை, தானே படித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் திரும்ப வந்தார். சரிதா அம்மாவை விழுப்புரத்துக்கு அவர் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கிணற்றின் மேல் பலகை அடித்துவிட்டு வந்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்திருக்கிறார்களாம். பிள்ளை அசைகிறதாம். வேறெதுவும் இப்போது சொல்ல முடியாதாம்.

கடை வாசலிலேயே நின்றார். பெருசு என்று கூப்பிடவில்லை.

"எங்க அம்மா செத்தப்ப அந்தத் தண்ணிய யார் யார் குடிச்சாங்க?" என்றார்.

நாலு பேரைச் சொன்னேன்.

"அவ்ளோதானா?"

"மிச்சத்த உங்க மாமாதான் சொல்லணும்," என்றேன்.

சரிதா அம்மாவின் ரத்தத்தைப் பரிசோதிக்கும் டாக்டர், வீட்டில் இதற்கு முன் யாருக்காவது இந்த விஷம் ஏறியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறாராம். அதற்குப் பதில் வேண்டும் தம்பிக்கு. இந்தக் கடிதத்தோடு அவருடைய கடிதமும் உங்களுக்கு வரும். அதற்கு வாந்திபேதி என்று பதில் எழுதாதீர்கள்.

நீங்கள் மறந்திருந்தால் ஒரு தடவை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் குடித்தது லட்சுமி அம்மா. மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் போனார். சமையல்கார சுப்பிரமணியன்; மூன்றாம் நாள் போனான், அவனுக்கு யாரும் டாக்டரைக் கூப்பிடவில்லை. உங்கள் அப்பா பிழைத்தார். கை நடுக்கத்தோடு ஒன்பது வருஷம் இருந்து போனார். என் பெண்டாட்டி அஞ்சலாட்சி பிழைத்தாள். வயிற்றில் இருந்தது பிழைக்கவில்லை, அதற்குப் பிறகு எங்களுக்குத் தங்கவும் இல்லை. சுனாமிக்கு முந்தின ஆடியில் அவளும் போனாள்.

ஐந்தாவது, ஒன்பது மாதப் பிள்ளை. தாய் எழுந்து பால் கொடுக்க முடியாமல் கிடந்தபோது அது வீறிட்டது. நீங்கள் அதை மடியில் போட்டு, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் சர்க்கரை கரைத்து, சங்கில் மூன்று தடவை புகட்டினீர்கள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். அது கக்கியது, மூன்று நாள் இழுத்தது, பிறகு கண் திறந்தது. அந்தத் தண்ணீர் உள்ளே போனவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது ஒருவர்தான். புருஷோத்தமன்.